இறக்கத்து மேலிருந்த சைக்கிள் கடை

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தபோது எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. காலையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் சேலை முதுகோடு ஒட்டிவிடும். சைக்கிள் வாங்கலாம் என்று முடிவானதும் அண்ணன் என்னை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போனார்.

முதலில் ஏறியது பெரிய கடை. கடைக்காரர் அண்ணனுக்கு நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார், டயரைப் பற்றியும் டைனமோவைப் பற்றியும் அவரிடமே விளக்கினார். "இவதான் ஓட்டப்போறா" என்று அண்ணன் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"பெம்பிளையளுக்கு என்னத்துக்கு சைக்கிள்? ஒரு மாசத்தில மூலையில சாத்திருவாங்க."

அண்ணன் சாயாவைக் குடித்து முடிப்பதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

சந்தைக்கு இறங்கும் சரிவின் மேல் இன்னொரு கடை இருந்தது. பளபளப்பு ஒன்றும் இல்லை. கடைக்காரர் கிரீஸ் கையோடு எழுந்து, "ஓட்டப்போறது ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

"அப்ப டீச்சர் கேறி இருங்க. காலு எட்டுதான்னு பாப்போம்."

எட்டவில்லை. சீட்டை இறக்கினார். என் சேலையைப் பார்த்துவிட்டு, பின்சக்கரத்துக்கு வலை கட்டாமல் வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து அவர் மனைவி வந்து நின்றாள். எல்லோரும் வண்டியைப் பார்க்க, அவள் என்னையே பார்த்தாள்.

"பேடியா இல்லியா டீச்சரே?"

"பேடிதான் அக்கா, நல்ல பயம் உண்டு" என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அறுவடை முடிந்த வயலில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினேன். அதன்பிறகு வண்டியில் எது கோளாறானாலும் அந்தக் கடைக்குத்தான் போவேன். அவர் சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தருவாள். வீடு நிறையச் சைக்கிள் இருந்தும் தான் ஒருநாளும் ஏறியதில்லை என்று ஒருமுறை சொன்னாள். நான் சும்மா இருக்கவில்லை. அவர் சந்தைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, கடைக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில் அவளை ஏற்றிப் பிடித்துக்கொண்டே ஓடினேன். சில மாதங்களில் என் பிடி வேண்டாமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, கடைக்காரர் என் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிவைத்துவிட்டுப் புது பிரேக் கட்டை எடுக்க உள்ளே போனார். அக்கா அது தெரியாமல் வண்டியில் ஏறி ரோட்டில் விட்டுவிட்டாள். முன்னால் சந்தை இறக்கம்!

"ஏட்டி! பிரேக்கு இல்லட்டீ!" என்று கத்திக்கொண்டு அவர் ஓட, பின்னால் நான் ஓட, கடை கடையாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அக்கா மணியை விடாமல் அடித்துக்கொண்டே போய், கீழே குவித்திருந்த வாழையிலைக் கட்டுகளுக்குள் பாய்ந்து நின்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இலைக்காரர் சத்தம்போட்டார். சுற்றி நின்றவர்கள் புருஷன் அறையப்போகிறான் என்று காத்திருந்தார்கள். கடைக்காரர் மூச்சு வாங்கியபடி அவள் முழங்காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு, "எப்பட்டீ ஓட்டப் படிச்ச? ஆரு படிப்பிச்சது?" என்றார்.

அக்கா என்னைக் காட்டினாள்.

"நல்லாத்தான் படிப்பிச்சிருக்கீங்க டீச்சரே" என்றார் அவர். "நிறுத்த மட்டும் படிப்பிக்கல்ல."

அடுத்த மாதம் நான் போனபோது, பழைய உதிரிகளைச் சேர்த்துக் கோத்த பெண்கள் சைக்கிள் ஒன்று கடை வாசலில் நின்றது. வாடகைக்கு யாரோ கேட்க, "அது அவளுக்க வண்டி" என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அக்காவும் நானும் சைக்கிளில் போனோம். வழியெல்லாம் அவள்தான் முன்னால்.