நெடுந்தீவுக்குப் போகும் லொறி

அந்தச் சிவப்பு எழுத்துகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. 'இந்த வாடிக்கையாளருக்கு விநியோகப் பாதை அமைக்கப்படவில்லை. நிர்வாகியை அணுகவும்.' அந்த நிர்வாகி வேறு யாருமில்லை, நான்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்து விநியோகக் கம்பனியில் கணினிப் பிரிவு என்று ஒரு மேசை உண்டு. அதற்கு ஒரு கதிரை, அதில் நான். கொழும்பிலிருந்து புதிய மென்பொருள் வந்த வாரம், நெடுந்தீவு மருந்துக்கடை அக்காவின் ஓடர் ஒவ்வொரு தடவையும் இந்த வரியில் முட்டி நின்றது.

அக்காவை நான் நேரில் கண்டதில்லை, குரலைத்தான் தெரியும். ரெலிபோனில் முதலில் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்வார், பிறகுதான் மருந்துக் கதை. அவருடைய கணவருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அதுவும் கடைச் சாமான்களோடுதான் போகும். முன்பெல்லாம் எங்கள் களஞ்சியத்தில் இருந்தவர்கள் நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்கு ஒரு போன் எடுத்து, படகு ஓடுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஐஸ் பெட்டியை ஏற்றுவார்கள். மென்பொருளுக்கு அந்த வழக்கம் கிடையாது. அதற்குத் தெரிந்தவை லொறி, ரயில், கூரியர் மட்டுமே. படகைச் சேர்க்கும்படி கொழும்புக்கு எழுதினேன். நெடுந்தீவுக்குப் போகும் லொறியின் இலக்கத்தை அனுப்பும்படி பதில் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், வெற்றாகக் கிடந்த இடத்தில் நானே ஒரு பாதையை எழுதினேன்: லொறி, கடைசித் தரிப்பு குறிகட்டுவான் இறங்குதுறை. சிவப்பு எழுத்து மறைந்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொழும்புக்காரன் ஒருவன் இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் நாரந்தனையில் பிறந்தவன், நானும் தீவுக்காரன்தான். ஆனால் எங்கள் தீவுக்குப் பாலத்தால் பஸ் போகும். றோட்டு முடிந்த பிறகும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கே மறந்துவிட்டது.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. சாரதி துறையில் வைக்கும் பெட்டியைப் படகுக்காரர்கள் அன்றே ஏற்றிப் போனார்கள். பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பெலத்தது, படகுகள் நின்றன. லொறிச் சாரதி வழக்கம்போல் பெட்டியைத் இறங்குதுறைத் தேநீர்க்கடையில் வைத்துவிட்டுத் தன் போனில் ஒரு தட்டுத் தட்டினார். என் திரையில் பச்சை நிறத்தில் 'வந்து சேர்ந்தது' என்று விழுந்தது. ஓடரும் மூடிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துப் படகு ஓடத் தொடங்கியபோது, பெட்டியை ஏற்றும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஐஸ் எப்போதோ கரைந்திருந்தது. அன்று காலை அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, பெட்டி இன்னும் வரேல்லை. இவருக்கு இண்டையோட மருந்து முடியுது."

"வந்திட்டுது எண்டு காட்டுது அக்கா. கடையில ஒருக்கா வடிவாத் தேடிப் பாருங்கோ."



"அப்ப நான் பொய் சொல்லுறனோ தம்பி?"

இல்லை என்று சொன்னேன். ஆனால் அவரை நம்பவில்லை, திரையைத்தான் நம்பினேன். நம்பியிருந்தால் அன்று பின்னேரப் படகிலேயே வேறு பெட்டி போயிருக்கும். தேநீர்க்கடையில் பெட்டி கிடப்பது அடுத்த நாள்தான் தெரியவந்தது. அதற்குள் காற்று மறுபடி எழும்பிவிட்டது. ஊசியில்லாமல் கிடந்த அக்காவின் கணவரைக் கரைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு நாள் எடுத்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. செத்தவீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

நான் எழுதிய அந்தப் பாதையை அழித்தேன். சிவப்பு எழுத்து திரும்பி வந்தது. பிழை இருக்கிறதென்று அது ஒன்றாவது உண்மை சொன்னது. அறிக்கையில் பிழை காட்டக்கூடாது என்று அடுத்த நாளே கொழும்பிலிருந்து யாரோ அதே வரியைத் திரும்ப நிரப்பினார்கள். மறுபடி அழித்தேன், மறுபடி நிரப்பினார்கள். படகு கேட்ட என் விண்ணப்பம் இன்றும் பரிசீலனையில் இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு புதிய விதி மட்டும் வந்தது. பெட்டி கிடைத்ததா என்று நான் ஒவ்வொரு கடைக்கும் போன் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். போன கிழமை நெடுந்தீவுக்கு எடுத்தேன்.

"அக்கா, பெட்டி வந்ததோ?"

"உங்கட கொம்பியூட்டர் என்ன சொல்லுது?"

"வந்திட்டுதாம்."

"அப்ப வந்ததாவே இருக்கட்டும் தம்பி. இஞ்ச இனி ஒருத்தருக்கும் அவசரமில்லை."