இரண்டு லீட்டர் இடம்

ஜீவராணிக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும் என்பது லிந்துலைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று திங்கட்கிழமை. ஏற்றத்தில் இரண்டாவது வளைவு திரும்பியதுதான் தாமதம், காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. இஞ்சின் படம் போட்ட சனியன் பிடித்த விளக்கு! வண்டி இரண்டு தடவை இருமியது. உள்ளே பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது.

காருக்குள் மூன்று டீச்சர்மார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர்களைத் தினமும் ஏற்றிப் போய்க் கூட்டிவருவதுதான் ஜீவராணியின் பிழைப்பு. முன்சீட்டில் இருந்த சுதர்ஷினி டீச்சர் விளக்கைப் பார்த்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நடு ரோட்டுல நின்னுட்டா அங்க பிள்ளைங்க சும்மா ஒக்காந்திருக்குங்க. அடுத்த திங்களும் இது எரிஞ்சா, நாங்க வேற வேன் பாத்துக்கிறோம்."

"சரிங்க டீச்சர்" என்றாள் ஜீவராணி. வாய்க்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பதினெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். கார் புருஷன் செல்லசாமியுடையது. இருபது வருடப் பழசான ஜப்பான் கார், ஆசை ஆசையாக வாங்கினார். 2022இல் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பொம்பளைக்கு எதுக்குக் கார், வித்துத் தொலை என்றார்கள். அவள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, ஹட்டனுக்குப் போய் லைசன்ஸுக்குப் படித்தாள். முதல் தடவை பெயில். இரண்டாம் தடவை பாஸ். அன்றைக்கே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் காரிலேயே போய் இறங்கி, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா முகத்துக்கு நேரே, நாளையிலிருந்து நான் மலைக்குக் கொழுந்து பறிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவளை இந்த விளக்கு எட்டு மாதமாக ஆட்டிவைத்தது. ஒரு பெரிய கராஜில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, சென்சர் போய்விட்டது என்று மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. அடுத்த திங்கள் வந்து நின்றது. இன்னொரு கராஜில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். அதுவும் ஒரு கிழமைதான். திரும்பப் போய்க் கேட்டால் அந்த மெக்கானிக் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டுல ஆம்பளைங்க யாரையாச்சும் அனுப்புங்களேன், வெளங்கப்படுத்துறேன்" என்றான்.

"ஏன், ஆம்பள வந்து நின்னா லைட்டு பயந்து அணைஞ்சிருமா? ஒனக்கு வேல தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன்யா!"

கராஜே கை வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்!

டீச்சர் சொன்ன கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை, சிப்னாஸிடம் போனாள். தலவாக்கலை ரோட்டில் தகரக் கொட்டில் போட்டுத் தனியாக வேலை செய்கிறவன். அவன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

"எப்பப்ப எரியுது அக்கா?"

"திங்கக்கெழம. அதுவும் ஏத்தத்துல. நாள் பாத்துப் பத்துது நாசமாப் போனது."

"ஞாயித்துக்கெழம என்ன செய்வீங்க?"

"என்னா செய்வேன்? கோயிலுக்குப் போவேன், பெட்ரோல் ஷெட்டுல ஒரு கெழமைக்கு எண்ணெ அடிப்பேன். இதுக்கும் லைட்டுக்கும் என்னா தம்பி?"

சிப்னாஸ் காருக்கடியில் புகுந்தான். சிறிது நேரத்தில் ஒரு கறுப்பு டப்பாவோடு வெளியே வந்தான். கவிழ்த்ததும் பெட்ரோல் சொட்டியது.

"டேங்கிலேந்து வாற ஆவியப் பிடிக்கிற கரி டப்பா இது. ஆவிதான் வரணும், இதுல எண்ணெயே நிக்குது. ஏத்தத்துல அது இஞ்சினுக்குள்ள போகுது, லைட் எரியுது. வேற ஒண்டு போட்டுத் தாறேன். ஆனா நீங்க எண்ணெ அடிக்கிறத நான் பாக்கணும்."

பழைய வண்டி ஒன்றில் கழற்றி வைத்திருந்த டப்பாவைப் பூட்டிவிட்டு அவனும் கூடவே பெட்ரோல் ஷெட்டுக்கு வந்தான். பம்ப் 'டக்'கென்று தானாக நின்றது. பம்ப்காரருக்கு அவளைத் தெரியும், குழாயை எடுக்கவில்லை. ஜீவராணி பின்னால் போய் இரண்டு கையாலும் காரைப் பிடித்து ஆட்டினாள். உள்ளே காற்றுக் குமிழ் விட்டு எண்ணெய் இறங்க, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூவில் நின்ற எல்லோரும் செய்ததுதான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை.

"நிப்பாட்டுங்க அக்கா! இதுதான் வண்டிக்கு வந்த வருத்தமே. மேல மேல ஊத்தினா எண்ணெ டப்பாக்குள்ள போயிரும், டக்குன்னா அதோட விட்டுரணும். மேல கொஞ்சம் எடம் இருக்கணும்."

"எடம் விடணுமா?" அவள் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "எவ்வளவு புடிக்கும் அதுல?"

"ரெண்டு லீட்டர் வரும்."

"ரெண்டு லீட்டர்! மூணு நாளு கியூவுல கெடந்தோம் தம்பி, நானும் அவரும். எங்க மொற வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு போர்டு மாட்டிட்டானுங்க. மறுநா விடிய அவருக்கு நெஞ்சுவலி. கார் லயத்து வீட்டு வாசல்லயே நிக்குது, டேங்கி காஞ்சு கெடக்குது. லயம் லயமா ஓடுனேன். ஒரு ஆட்டோவுலயும் சொட்டு இல்ல. கொழுந்து லொறி வர்ற வரைக்கும் என் மடியிலதான் கெடந்தாரு. லொறி வந்துச்சு, அவரு இல்ல. இங்கருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு லீட்டர் போதும்! அத வெறுமனே விடச் சொல்றீங்களா நீங்க?"

பின்னால் நின்ற வேன்காரர் ஹார்ன் அடித்தார். "அடிங்க, நல்லா அடிங்க! நாட்டையே கியூவுல நிக்க வச்சவனுங்களப் பாத்து ஒருத்தனும் அடிக்கல, என்னையப் பாத்து அடிங்க!" என்று அவள் திரும்பிக் கத்தினாள். வேன்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

சிப்னாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "விடாட்டி நாளைக்கும் எரியும் அக்கா" என்றான்.

அவள் மூடியை வாங்கித் தானே முறுக்கினாள். இன்னும் ஊற்றச் சொல்லவில்லை.

திங்கள் காலை ஏற்றத்தில் வண்டி இருமாமல் ஏறியது. இரண்டாவது வளைவு போனது, மூன்றாவதும் போனது. விளக்கு வரவில்லை. சுதர்ஷினி டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! என்னாதான் பழுதாம் அக்கா?"

"டேங்கிய நெறப்பக் கூடாதாம் டீச்சர். கொஞ்சம் எடம் விடணுமாம்."

"அட, அவ்வளவுதானா?"

ஜீவராணியின் மூக்கு விடைத்தது. கியரை மாற்றினாள்.

"அவ்வளவுதான் டீச்சர். ரெண்டே ரெண்டு லீட்டர்."