பியானோவுக்குள் எரிந்த பல்பு

எங்கள் வீட்டுப் பியானோவுக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் தீவில், ஷாதிபூர் மழையில், பீரோவுக்குள் மடித்து வைத்த துணியே பூஞ்சை பிடித்துவிடும்; பியானோக் கட்டைகள் எம்மாத்திரம்? கரண்ட் போய்ப் பல்பு அணைந்தால், அரை நாளில் நடுக்கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் எழும்பாமல் கிடக்கும். மாற்றலாகி மெயின்லேண்ட் போன ஓர் அதிகாரி, கப்பலில் ஏற்றும் செலவுக்குப் பயந்து அப்பாவிடம் விட்டுப்போன பியானோ அது.

நான் வாசிப்பேன், அக்கா பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழு. மற்ற நாட்களில் பழைய ஜாஸ் பாட்டுகள். அமெரிக்காவில் யார் யாரோ எழுதி, ஊர் உலகமெல்லாம் பாடிப் பழக்கமாக்கிய பாட்டுகள், ஸ்டாண்டர்டு என்பார்கள். எங்களுக்கு இதில் என்ன கிறுக்கு என்று தூத்துக்குடிச் சொந்தங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார் சென்னை டாக்டர். குரல் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்பதையும் மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், "பத்துப் பாட்டு. நீ வாசி, நான் பாடுதேன். ரெண்டு பேர் பேரையும் போட்டு ஒரு ஆல்பம். அதுக்கப்புறம் அறுக்கட்டும்" என்றாள்.

எனக்கு அன்றைக்கே மனசு மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், வந்து பியானோ முன்னால் உட்கார்ந்தேன்.

ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வேர்த்து வடிய ரெக்கார்டு செய்தோம். இருந்தது ஒரே மைக். குரலைத் தனியாக, பியானோவைத் தனியாகப் பின்னால் பிரிக்க வழியில்லை. நான் கெடுத்தால் கெடுத்ததுதான்.

"ஏட்டி, ஆபீஸ்ல டைப் அடிக்க மாதிரில்லா வாசிக்க. என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அச்சா, சலோ. இன்னொரு தடவ."

கப்பல் ஹார்ன் கெடுத்தது இரண்டு பாட்டை. மீதியைக் கெடுத்தது நான்.

மறுநாள் ஆபரேஷனுக்காக அவளுக்குச் சென்னை ஃபிளைட். பத்தாவது பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. மறதி இல்லை, அழுகையும் இல்லை. இந்த வரி முடிந்தால் இந்தக் குரல் முடிந்தது என்று தோன்றியது, விரல் இறங்கவில்லை, அவ்வளவுதான். அக்கா பாடிக்கொண்டிருந்த சொல்லை விடாமல் இழுத்துப் பிடித்தாள். எப்படியோ கை இறங்கியது. பாட்டு முடிந்தது.

"கட்டை ஒட்டிக்கிச்சுக்கா" என்றேன்.

"டீக் ஹே, சரி" என்றாள். மறுபடி எடுக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் பேசுகிற அளவுக்கு மட்டும் திரும்பி வந்தது. ஸ்கூலில் பாடம் எடுக்கிறாள். பாட வரவில்லை.

பல மாதம் அந்த ஆல்பத்தை இருவரும் தொடவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவளே லேப்டாப்பைத் திறந்து போட்டாள். ஒன்பது பாட்டும் அவள் தனியாகத்தான் பாடிக்கொண்டு போகிறாள். பக்கத்தில் யாரோ கட்டைகளைத் தட்டுகிறார்கள். வெட்கமாக இருந்தது. பத்தாவதில் அந்த இடம் வந்தது. பியானோ இல்லை. அவள் குரல் மட்டும், மெலிந்து, நடுங்கி, மூச்சின் அடி வரைக்கும். இனி வராத குரலில் அவ்வளவையும் எனக்காகக் காத்திருப்பதில் செலவழித்திருக்கிறாள். அப்போதுதான் எனக்கு வலித்தது.

"அக்கா, அன்னைக்குக் கட்டை ஒட்டல. பொய் சொன்னேன்."

"தெரியும்ட்டி" என்றாள், கரகரத்த குரலில். "உள்ள பல்பு எரிஞ்சிட்டுல்லா இருந்துச்சு. நான் நின்ன இடத்துக்கு வெளிச்சம் தெரிஞ்சுது."

"பெறகு ஏன் அப்படிப் புடிச்சுக்கிட்டு நின்ன?"

"நான் விட்டிருந்தா நீ எந்திரிச்சுப் போயிருப்ப."

அவள் சொன்னது சரி. நான் எழுந்து போய்த்தான் இருப்பேன்.