பூங்காவுக்குள் பாவு

சூடான தார் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் முதல் வேலைதான் நினைவுக்கு வரும்...

அறுபதுகளின் தொடக்கம். சேலத்துப் பையனான நான், ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூரின் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஊரெல்லாம் தறிச் சத்தம். நெய்வதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். அதுதான் பாவு. விடிந்தால் தெரு அவர்களுடையது.

அந்தத் தெருவுக்குத்தான் புதிதாகத் தார் போட்டோம். கூடவே ஊருக்கு முதல் பூங்கா. நாலு சிமெண்ட் பெஞ்சு, இரண்டு வேப்பங்கன்று, சுற்றிக் கம்பி வேலி. அறிவிப்புப் பலகை என் பொறுப்பு. ஆடு கட்டக் கூடாது, படுத்துத் தூங்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. கடைசி வரி நானாகச் சேர்த்தது. அதில் ஒரு பெருமை வேறு.

திறப்பு விழாவன்று காலையில் போனால்... வாசலில் ரிப்பன். ரிப்பனுக்குப் பின்னால், வேலிக்கு வேலி ஈரப் பாவு!

பாவுக்காரர் பொன்னுத்தாயக்கா. தெருவில் கட்டினால் நூலில் தார் ஒட்டுகிறதாம். மகளின் கல்யாணச் சேலைக்கான நூல் அது. காயுமுன் அவிழ்த்தால் மொத்தமும் ஒட்டி வீணாகிவிடுமாம். நான் பலகையைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இது துணி இல்லீங்களே சாமி, நூலுங்க. நெஞ்சாத்தானுங்க துணி."

பலகையை இன்னொரு முறை படித்தேன்; நூல் என்று எங்கேயும் இல்லை. வேலை போனது என்றே நினைத்தேன்.

பஞ்சாயத்துத் தலைவர் கழுத்தில் மாலையும் கையில் கத்தரிக்கோலுமாக வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பி, பாவு கட்டிய ஒரு முளை ஆட ஆரம்பித்தது. அக்கா தலைவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"கத்திரிய அங்கியே வெச்சுப்போட்டு, சித்த இந்தப் பக்கம் புடிங்க."

தலைவர் கத்தரிக்கோலை என் கையில் திணித்தார். ரிப்பனுக்கு அடியில் குனிந்து போய்ப் பிடித்தார். அவரே பிடித்தபின் மெம்பர்கள் சும்மா நிற்க முடியுமா? நூல் காயும்வரை எல்லோரும் மாலையும் வேட்டியுமாக வெயிலில் நின்றார்கள். போட்டோக்காரர் அதையும் எடுத்தார். ரிப்பனை வெட்டவே மறந்துபோனோம்.

மறுநாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார். போச்சு என்று போனேன். காலை ஒன்பது மணிவரை பாவு கட்டலாம் என்று பலகையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அப்புறம், தோள்பட்டை வலிக்குத் தைலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இப்போது சேலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் நல்ல பூங்கா இருக்கிறது. டைல்ஸ் நடைபாதை, வண்ண விளக்கு, உடற்பயிற்சிக் கருவிகள்... ஆறு மாதமாக ஒரே ஆட்கள்தான் எதிரெதிரே சுற்றுகிறோம். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

நேற்று ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சிரித்துவிட்டு நடந்தார்.

பரவாயில்லை... சிரித்தாரே.