ஆர்லோவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

துடைப்பக் கட்டையின் ஒரு முனையை வண்டியின் அடித்தட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டவைத்து, சரளைக்கல்லின்மேல் மல்லாந்து கிடக்கிறார் வெல்டா க்ரீகர். வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும். அவற்றில் ஒன்று லேசாக ஆடினால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டும் அசையாமல் கிடந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால், "எனக்கு ஒரு சத்தம் போதும் கண்ணு, ரெண்டாவது வேணாம்" என்று அடியிலிருந்து குரல் வரும்.

வடக்கே பனி கொட்டும் மாதங்களில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு வீட்டு வண்டிகள் வந்து குவியும். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் சக்கரத்தின்மேல். குழாயடி கிடையாது, மின்கம்பம் கிடையாது. அவரவர் தொட்டித் தண்ணீர், அவரவர் கூரைமேல் சூரியத் தகடு. நான்கு மாதமும் கள்ளிச்செடிகளுக்கு நடுவே அந்த வண்டிகளின் கோளாறுகளைத் தேடி அலைவதுதான் வெல்டாவின் பிழைப்பு.

அறுபத்தொரு வயதுப் பெண்மணி. இந்தத் தொழிலுக்கு வருமுன் நெப்ராஸ்காவில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறார். "முதுகுக்குப் பின்னாடி நாப்பது பிள்ளைங்க கத்தும். எது விளையாட்டு, எது அடி வாங்கின அழுகைன்னு திரும்பிப் பாக்காமலே சொல்லணும். அதுக்கு இந்த வண்டிங்க எவ்வளவோ தேவலை. பொய் சொல்லாதுங்க."

ரொட்டியில் நிலக்கடலை வெண்ணெயைத் தடவி, அதற்குமேல் ஊறுகாய் வெள்ளரியை அடுக்கித் தின்பார். பார்ப்பவர்கள் முகத்தைச் சுளித்தால் இன்னும் ரசித்து மெல்லுவார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். தன் காதால் கேட்காத சத்தத்துக்காக ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டார்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை அவரைக் கூப்பிட்டவர் மைர்னா பெக்ஸ்டெட். அவரும் கணவர் ஆர்லோவும் வசிக்கும் வண்டியின் ஒரு பக்கம் ஸ்லைடு. பொத்தானை அழுத்தினால் அடுப்படியும் சுவரும் சேர்ந்து ஓர் அறையாக வெளியே நகரும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அன்று அது பாதியில் நின்றுவிட்டது. ஒரு முனை உள்ளே வருகிறது, இன்னொரு முனை அசைய மாட்டேன் என்கிறது. அந்தக் கோலத்தில் வண்டியைச் சாலையில் ஏற்ற முடியாது.

"நாளைக்குக் காலைல பீனிக்ஸ்ல இருக்கணும்" என்ற மைர்னா, வெல்டாவை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அவர ஞாபக மறதி டாக்டர்ட்டக் காட்டணும். இல்லாத சத்தம்லாம் கேக்குதுங்கறாரு. ரெண்டு மெக்கானிக் வந்து பாத்துட்டாங்க, ஒண்ணுமே இல்ல. வண்டிய வித்துட்டு ஒஹாயோவுக்கு வந்துருங்கன்னு மக அழுவுறா. நீங்க ஸ்லைட மட்டும் பாருங்க. அவரு எதாவது சொன்னா தலையாட்டிருங்க."

"எனக்குத் தலையாட்ட வராதும்மா" என்று சொல்லிவிட்டு வெல்டா உள்ளே ஏறினார்.

ஆர்லோ பெக்ஸ்டெட்டுக்கு எழுபத்தாறு வயது. நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, விசாரணைக்கு வந்தவர்போல மேசையருகே உட்கார்ந்திருந்தார்.

"யாரோ தொண்டையக் கனைக்கிற மாதிரிங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் அரைமணி நேரம் கப்சிப். மறுபடி ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை போலும். "இடது பக்கம். கீழ" என்றார்.

வெல்டா ஸ்லைடின் மோட்டாரைப் பார்த்தார். நல்லபடி இருந்தது. பல்சக்கரங்களைப் பார்த்தார், அவற்றிலும் குறையில்லை. பிறகு அடியில் படுத்து ஒன்றரை மணி நேரம் காது கொடுத்தார். கால்கள் அசையவே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மைர்னா. அதில் வெற்றி இல்லை, சலிப்புதான் இருந்தது.

வெல்டா எழுந்து உட்கார்ந்து முழங்கையில் ஒட்டிய கல்லைத் தட்டினார். "கடைசியா எப்பக் கேட்டுச்சு ஆர்லோ?"

"செவ்வாக்கிழம மத்தியானம்."

"அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"சீட்டாட்டத்துல."

"அதுக்கு முந்தின தடவ?"

"துணி தொவைக்க ஊருக்குள்ள போயிருந்தேன். நான் இருக்கும்போது ஒரு தடவகூட வந்ததில்ல. அதத்தானே நானும் சொல்றேன், டாக்டர்ட்டயும் அதத்தான் சொல்லப் போறேன்."

வேறு ஆளில்லாத நேரத்தில் மட்டும் கேட்கும் சத்தம் என்றால் அது அவர் தலைக்குள்தான் இருக்கவேண்டும் என்பது மைர்னாவின் முடிவு. வெல்டாவுக்கு வேறொன்று தோன்றியது. "அப்ப நீங்க இங்க இருக்கக்கூடாது" என்றார். "ஒரு மணி நேரம் போய்ச் சீட்டாடிட்டு வாங்க."

"என் வீட்டுலேருந்து என்னையே தொரத்துறீங்களா?"

"ஆமா."

மைர்னா தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திய வேகத்தில் வண்டி குலுங்கப் போனார்.

"நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க. தனியா இருந்தா என்ன செய்வீங்களோ, அதையே செய்ங்க" என்று சொல்லிவிட்டு வெல்டா தரையில் முதுகைச் சாய்த்தார்.

ஆர்லோ கொஞ்சம் கூச்சத்தோடு எழுந்தார். சுவரில் தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்சைப் போட்டார். கெட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொதிக்கவைத்தார். காபி கலந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். வெளியே யாரோ நாயை அதட்டினார்கள். தகரக் கூரை வெயிலில் ஒருமுறை படக்கென்றது. வெல்டா கண்ணைத் திறக்காமலே அது இல்லை என்று ஒதுக்கிவிட்டார். இருபத்தேழாவது நிமிடம் இடது பக்கம், கீழே, க்ர்ர்க் என்று ஒரு கனைப்பு. ஒரு நொடி. அடங்கிவிட்டது.

ஆர்லோ திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"கேட்டுச்சு" என்றார் வெல்டா.

ஆர்லோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தார்.

அது தண்ணீர் மோட்டார். குழாயைத் திறந்தால் ஓடவேண்டும், மூடினால் நிற்கவேண்டும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது ஒரு நொடி ஓடுகிறது என்றால், எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகிறது என்று பொருள். பாலைவனத்தில் தண்ணீர் தங்கம் என்று மைர்னா பாத்திரம் கழுவிய கையோடு ஸ்விட்சை அணைத்துவிடுவார். ஆர்லோ போட்டது போட்டபடி உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் அவர் தனியாக இருக்கும்போது மட்டும் கனைப்பு.

வெல்டா அடுப்படிக்குக் கீழே பலகையைக் கழற்றிக் கையை விட்டார். அறை நகரும்போதெல்லாம் கூடவே மடங்கி விரியும் குழாய். அதன் இணைப்பில் மயிரிழை அளவு வெடிப்பு. அதற்குக் கீழே தரைப்பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. ஸ்லைடைத் தாங்கி ஓடும் உருளை அந்த இடத்தில்தான் புதைந்து நின்றது.

மைர்னா திரும்பி வந்தபோது வெல்டா கத்தியை எடுத்துப் பலகையில் குத்திக் காட்டினார். கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது.

"இங்க தண்ணி ஒழுக ஒழுக மோட்டார் கனைச்சதுதாம்மா உங்க வீட்டுக்காரருக்குக் கேட்டது. ஸ்லைடு மாட்டிக்கிட்டதும் இதாலதான்."

மைர்னா குனிந்து அந்தப் பலகையை விரலால் அழுத்திப் பார்த்தார். "நான்தான் அணைச்சு அணைச்சு வெச்சேன் ஆர்லோ" என்றார்.

"தண்ணி மிச்சமாச்சில்ல" என்றார் ஆர்லோ.

வெல்டா இணைப்பை வெட்டிப் புதியதைப் போட்டார். ஜாக்கியை முட்டுக்கொடுத்து அறையை ஓர் அங்குலம் தூக்கினார். உருளை வழுக்கி ஏற, கடினமாய் வழவழப்பாய் ஏதாவது வேண்டும் என்றார். மைர்னா தன் காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து நீட்டினார். அதை இரண்டாக அறுத்துச் செருகியாயிற்று. ஆர்லோதான் பொத்தானை அழுத்தினார். அறை முனகியது, தயங்கியது, பிறகு இரண்டு முனையும் ஒன்றாக உள்ளே வந்து பொருந்தியது.

"இது ஊர் போய்ச் சேர்றதுக்கு மட்டும். பலகைய முழுசா மாத்தணும்" என்றார் வெல்டா. மைர்னாவைப் பார்த்து, "டாக்டர்ட்டப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா இந்தச் சத்தத்துக்காகப் போகவேணாம்."

வேலை முடிந்ததென்று மைர்னா நினைத்தார். வெல்டா மோட்டார் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்தார். ஸ்லைடு உள்ளே வந்துவிட்டதால் வண்டிக்குள் ஒரு நடை அகலம்தான் மிச்சம். மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தேழு நிமிடம் ஆனது. நாற்பதானது. ஓர் ஈயைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் வெல்டா கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு மைர்னாவைத் தாண்டி ஆர்லோவின் பக்கமாகக் கையை நீட்டினார்.

"இடுப்பு புடிச்சிக்கிச்சு. கொஞ்சம் தூக்கிவிடுங்க ஆர்லோ."