விழுந்தவன் விழுந்த இடத்திலேயே

நாகர்கோவில் கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது குமாஸ்தா வந்து காதில் சொன்னார், "ஞானாபரணம் வாத்தியார் போயிட்டாரு." வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அலுப்பாக இருந்தது. சமீப காலமாக நம் வாசகசாலையில் யார் போனாலும் நாலு வரி எழுத என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிழைத்துக் கிடப்பவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம். ஆனால் இவரைப் பற்றி வேறு யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. சனிக்கிழமைதோறும் அவரோடு சண்டை போட்டவன் நான்.

ஊருக்குத் திரும்பிப்போன மிஷன் துரை ஒருவர் விட்டுச்சென்ற ஈயச் சிப்பாய் பொம்மைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மணலைக் குவித்துக் குளத்தங்கரை எழுப்புவோம். ஒரு படை கரையைக் காக்கும். மற்றது வயலைக் கடந்து வந்து அதைப் பிடிக்க வேண்டும். நகர்வதற்கு அடிக்கோல் அளவு. சுட்டது பட்டதா என்று சொல்லத் தாயக்கட்டை. விளையாடியதைவிடச் சட்டம் பேசியதுதான் அதிகம். ஆளாளுக்குத் தன் படைக்குச் சாதகமாகச் சட்டம் கொண்டுவந்ததால் நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். சட்டம் கேட்பவர், அது இருக்கும்வரை, அதனால் அடிபடும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பாதிப் பேர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞானாபரணம் மூடவில்லை. பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பதற்கு முன், பெரிய யுத்தத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கும் படையில் சேர்ந்து மெசபடோமியா போய் வந்தவர் அவர். சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம். கோபமாகப் பேசினாலும் ராகம் போட்டதுபோல் இருக்கும். அதனால் அவரோடு முழுசாகச் சண்டை போடவும் முடியாது. செத்த சிப்பாயை நாங்கள் உடனே எடுத்துப் பெட்டியில் போடுவோம். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க யாராக்கும் எடுத்துப் பெட்டியில போட்டது? விழுந்தவன் விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். மத்தவன் சுத்திப் போகட்டும்."

"சுத்திப் போனா அளவு தீந்துரும், வாத்தியாரே. கரையில இருக்கவனுக்கு ஒண்ணுமில்ல. வயல்ல வாறவன் மட்டும் கெட்டான். இது என்ன நியாயம்?"

"நியாயம் பேசணும்னா கோர்ட்டுக்குப் போங்க வக்கீலே. இது சண்டையாக்கும்."

சட்டம் நிறைவேறியது. அவர் வயல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அன்றே தோற்றார். அதன் பிறகு வருஷக்கணக்கில் தோற்றார்.

சும்மா கிடைக்கிற ஜெயத்தில் எத்தனை நாள் சந்தோஷப்பட முடியும்? எனக்கு அவர்மேல் எரிச்சலே வந்தது. ஒரு மழைநாளில், அவருடைய ஆட்கள் வயல் நடுவே குவிந்து கிடக்க, மிச்சமிருந்தவர்களை அவர் அங்குலம் அங்குலமாகச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்தச் சட்டத்த எடுத்துருவோம் வாத்தியாரே. இவ்வளவு தோத்தது போராதா?"

அவர் தலை நிமிரவில்லை. "மெசபடோமியாவுல ஆத்தங்கரையில சுத்திப் போக நேரமில்ல வக்கீலே. தூக்குக்கட்டில்ல ஒருத்தன் கெடக்கான், குண்டு வருது. கீழ கெடந்தவனுவள மிதிச்சிட்டுத்தான் போனோம். கொஞ்சம் பேருக்கு உசுரு இருந்துது. இங்கயாவது நான் சுத்திப் போறேன்."

என் முறை வந்தது. தாயக்கட்டையை உருட்டினேன். அவருடைய இன்னொரு ஆள் விழுந்தான்.

அடக்கம் முடிந்த வாரம் வாசகசாலையில் கூடினோம். ஆட மனமில்லை. ஆடாமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லை. கணக்கு வாத்தியார்தான் மெதுவாக ஆரம்பித்தார். "அந்தச் சட்டத்த இனி எடுத்திரலாம்லா? அவருக்காகத்தான வச்சிருந்தோம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை விடாமல் எதிர்த்தவன் நான்தானே. இன்றும் சொல்கிறேன், அது அநியாயமான சட்டம்.

"கெடக்கட்டும்" என்றேன்.

"அப்படீன்னா வயல் பக்கம் ஒங்களுக்குத்தான்" என்றார் கணக்கு வாத்தியார். வழக்கத்தை ஏற்படுத்தியவனால் மறுத்துப் பேச முடியுமா? போய் உட்கார்ந்தேன்.

ஞானாபரணம் எனக்கு விட்டுப்போனது அந்த நாற்காலிதான். வேறெதையும் நான் கேட்கவும் இல்லை. ஆட்டம் பாதியில் என் ஆட்கள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். அடிக்கோலை வைத்து அளந்தேன். நேரே தாண்டினால் கரை கைக்கெட்டும் தூரம். எதிரே இருந்தவர்கள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சுற்றித்தான் போனேன், வாத்தியாரே.