மூணு மணி வெந்நீர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடினீர்களா? மொட்டை மாடியில் இருந்தேன். கையில் ஒரு தார் டின். கீழே அம்மா இருமிக்கொண்டிருந்தாள்.

அந்த இருமல் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். பாத்ரூமை ஒட்டி ஒரு கல் அடுப்பு, அதன் மேல் பெரிய அண்டா. ஈரச் சவுக்குக் கட்டையை வைத்து அம்மா ஊதுவாள்... ஊதுவாள்... மூச்சு இழுக்கிற வரை ஊதுவாள். என் அப்பா — வீட்டில் நைனா — செங்கல்பட்டு ஆபீசுக்குக் காலை பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். வெந்நீர் இல்லாவிட்டால் ஒரு சொட்டுகூட மேலே படக் கூடாது அவருக்கு. மதுராந்தகம் ஏரிக் காற்று அப்படி! அவருக்குப் பின்னால் அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் நான்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இனிமேல் புகை ஆகாது, மீறினால் ஆஸ்பத்திரிதான்.

என்ன செய்வது? ஹீட்டர் ராடு போடலாம் — காலையில் கரண்ட் எங்கே இருக்கிறது? கெரசின் ஸ்டவ்? சமையலுக்கே க்யூவில் நின்று கால் வீங்குகிறது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிற எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்தேன். சூரியன்! க்யூ இல்லை, கட் இல்லை.

மேல்நாட்டில் கூரை மேல் கருப்புத் தொட்டியை வைத்து வெயிலிலேயே வெந்நீர் போடுகிறார்களாம் என்று நைனாவிடம் எடுத்துவிட்டேன்.

"அவன் ஊர்ல வெயிலு எப்பவோ ஒரு வாட்டி வருது. அதான் புட்ச்சி வச்சிக்கிறான்" என்றார்.

"ஒரு வாரம் டைம் குடு நைனா."

"ஒரே வாரம். வேல செஞ்சா கொத்தனாரக் கூப்ட்டு தொட்டிக்கு ஒரு மேட கட்டிடலாம். இல்லாங்காட்டி பிரிச்சுப் போட்டுட்டு கம்முனு இரு. அடுப்பு ஊத ஒரு ஆள வச்சிக்கலாம்."

"ஆளு ஊதுனா புகை உள்ள வராதா?"

நைனா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மறுநாளே ஏழுமலை வந்து இறங்கினான். காலேஜில் என் பெஞ்ச்மேட். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரன். தார் டின் அவன் உபயம்தான்.

"பெயிண்டு இன்னாத்துக்கு மச்சான்? படகு அடியில பூசுற தாரு இது. உப்புத் தண்ணியே ஒண்ணும் பண்ணாது, உங்கூட்டு வெயிலு இன்னா பண்ணும்?"

பழைய டிரம்முக்குத் தார் அடித்தோம். சுற்றிலும் பலகைப் பெட்டி, இடுக்கில் வைக்கோல், மேலே ஜன்னல் கண்ணாடி. அடியில் ஒரு குழாய். அதிலிருந்து ரப்பர் டியூப் நேரே பாத்ரூம் ஜன்னலுக்குள், நுனியில் ஒரு கிளிப். கிணற்றிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமந்ததில் ஏழுமலைக்கு என் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அன்று எத்தனை தடவை மாடி ஏறினேன், எனக்கே தெரியாது. மத்தியானம் டிரம்மைத் தொட்டேன் — விரல் சுட்டுவிட்டது. குதித்தேன்!

மறுநாள் காலை நைனா டியூபைத் திறந்து கையை நீட்டினார்.

"இன்னாடா இது? கெணறு மாடி ஏறிக்கீது, அவ்ளோதான்."

அம்மா அடுப்பை மூட்டினாள். இருமினாள்.

இன்னும் வைக்கோல் திணித்தேன். கோணிப்பை சுற்றினேன். சாயங்காலம் வரை கொதிக்கும். காலையில் ஜில்லென்று சிரிக்கும். போதாக்குறைக்கு, தினமும் டிரம்மில் தண்ணீர் வேறு குறைந்தது. எங்கேயோ ஓட்டை! தேடித் தேடித் தார் பூசினேன். "இது வூடா, படகுத் துறையா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான் அண்ணன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்தார் நைனா. சாப்பிட்டார். தீர்ப்புச் சொன்னார்.

"பிரிச்சுடு."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மூணு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியைத் திறக்கப் போனால், உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பாத்ரூம் ஜன்னலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடினேன். அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நீதானாம்மா தண்ணி எடுத்தது?"

"ஏன், நான் குளிக்கக் கூடாதா?"

"டெய்லி இந்த நேரத்துலயா?"

"சமச்சி, தேச்சி, தொவச்சி முடிச்சா வேற எப்போ?"

நைனா நாற்காலியில் நிமிர்ந்தார். "இத்தினி வருஷமா பச்சத் தண்ணிலயா குளிச்சே? மார்கழிலயும்?"

"மூணு ஆம்பளைங்க குளிச்சா அண்டால இன்னா இருக்கும்? கரிதான் இருக்கும்."

பிசிக்ஸ் படித்தவன் வெயிலை அளப்பான், வைக்கோலை அளப்பான்... வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று எண்ணுவானா?

"அப்ப பிரிக்கவா, வேணாமா?" என்று மெல்லக் கேட்டேன், நைனாவைப் பார்த்து.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "அது மேல கைய வச்சிப் பாரு! இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. திங்கக்கெழமையிலேந்து காலைல அடுப்பு மூட்ட மாட்டேன். வெந்நீரு வேணும்னா சாயங்காலம் வந்து குளிங்க. சூரியன் உங்க ரயிலுக்காகச் சீக்கிரம் வராது."

"குளிக்காம ஆபீசுக்குப் போனா ஜனங்க இன்னா நெனைப்பாங்க?"

"ரயில்ல உங்கள மோந்தா பாக்கறாங்க?"

திங்கட்கிழமை. நைனா துண்டோடு அண்டாவை இரண்டு தடவை சுற்றி வந்தார். அடுப்பு அணைந்தே கிடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூட சரியாகக் கழற்றாமல் பாத்ரூமுக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது லேசாகத் தார் வாசனை. மனிதர் முணுமுணுக்கவில்லை.

அம்மாவின் இழுப்பு ஒரே நாளில் ஓடிவிடுமா? ஓடவில்லை. ஆனால் நேற்று விடியற்காலை சட்டென்று எனக்கு முழிப்பு வந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை... இருமல் சத்தம் கேட்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்று கொத்தனார் வந்தார். மேடையை எங்கே கட்டுவது, எவ்வளவு உயரம் என்று நைனாவிடம் கேட்டார்.

"என்ன இன்னாத்துக்குக் கேக்கறே? வூட்டுக்காரம்மாவக் கேளு."